பதினொரு பேருக்கு ஒரே கை

லூர்துசாமியின் தாடையை உடைத்தது இரும்புக் கம்பியோ கல்லோ அல்ல. உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்று. கொம்பையா அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, செங்கலால் ஆணி அடிப்பவனைப் போல மூன்று முறை அடித்தான். மூன்றாவது அடியில் இரண்டு பற்கள் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டன. கருவியின் திரையில் கீறல்கூட விழவில்லை. தோளில் தபால் பை மாட்டிய ஆமை ஒன்று அதில் நின்று, கொட்டாவி விட்டபடி, அடுத்த கட்டளையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றான் கொம்பையா. அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. "நூத்துக்கு நாப்பத்தொண்ணு வாங்கிக் குடுத்திருக்கான். என்னைய என்ன கேணப்பயன்னு நெனச்சியால?"

கீழச்சுனை மத்திய சிறையின் மூன்றாம் பிளாக்கில் அப்போது முப்பது கைதிகள் இருந்தார்கள். யாரும் அசையவில்லை. தவசிக்கண் மட்டும் எழுந்து போய், நனைத்த துண்டை லூர்துசாமியின் வாயில் வைத்து அழுத்தினார். துண்டு உடனே சிவந்தது. உடைந்த தாடை கைக்குள் தனியாக நழுவுவதை அவர் உணர்ந்தார். கொம்பையா கருவியைத் தன் சட்டையில் துடைத்து, அவர் மடியில் போட்டான்.

"மறு வாய்ப்பு ஒண்ணு இருக்காம். இனி நீரு ஆடும் அண்ணாச்சி. உம்ம கைக்குத்தான் மார்க் விழுதாம்லா."

"எனக்கு விடுதலை போர்டு வருது கொம்பையா. அடுத்த மாசம்."

"வரட்டும். போறதுக்கு முன்னாடி எனக்கு ஆடிக் குடுத்துட்டுப் போம். இல்லன்னா ரெண்டு கையும் இங்கயே வச்சிட்டுப் போம். எது சௌரியம்னு நீரே பாத்துக்கிடும்."

அந்தக் கருவிகள் சிறைக்குள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பத்து வருடத் தண்டனை முடித்த ஆயுள் கைதிகளை வெளியே விடலாமா என்பதை அதுவரை சில காகிதங்கள் முடிவு செய்துகொண்டிருந்தன. காவல் நிலையத்தின் அறிக்கை, சிறை நடத்தைக் குறிப்பு, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சம்மதம் அல்லது எதிர்ப்பு. காகிதத்தை விலைக்கு வாங்கலாம், மிரட்டியும் வாங்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதால், மனிதனையே அளந்துவிடுவது என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கென்று ஒரு விளையாட்டைச் செய்தார்கள். கோணலூர் என்றொரு ஊர். அங்கே ஒரு ஆமைதான் தபால்காரர். வழியில் அதை மறிப்பவை எல்லாம் விசித்திரப் பிறவிகள்: விசில் தொலைந்துபோன குக்கர், மழைக்குப் பயப்படும் குடை, பின்னால் போக மறுக்கும் டவுன் பஸ், பல்வலிக்காரனுக்கு வைத்தியம் பார்க்கும் முதலை. ஒவ்வொரு முறையும் திரையின் அடியில் நான்கு பொத்தான்கள் தோன்றும். அடி. பேசு. கொடு. காத்திரு.

"பரீட்சை மாதிரி நினைக்காதீங்க. ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். விளையாடுங்க, அது போதும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் உளவியல் அலுவலர் ஹெப்சிபா. அறுபது மணி நேரம் விளையாட வேண்டும். பிடித்திருக்கும் கையின் நாடி, வியர்வை, இறுக்கம் எல்லாவற்றையும் கருவியின் முதுகு வாசிக்கும். எழுபதுக்கு மேல் மதிப்பெண் வந்தால் ஆலோசனைக் குழு விடுதலைக்குப் பரிந்துரைக்கும். இவ்வளவு கோமாளித்தனமான ஊருக்குள் நுழைந்த எவனும் சிறிது நேரத்தில் நடிக்க மறந்துவிடுவான் என்பதுதான் செய்தவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான்.

அவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. சிறைக்குள் யாரும் தன் வேலையைத் தானே செய்வதில்லை. ஒருவன் துணியை இன்னொருவன் துவைப்பான். ஒருவன் நெய்ய வேண்டிய ஜமுக்காளத்தை இன்னொருவன் பீடிக்கு நெய்து தருவான். எழுதத் தெரியாதவனுக்கெல்லாம் தவசிக்கண் மனு எழுதித் தருவார். அவன் கட்டைவிரலை மட்டும் உருட்டிவிட்டுப் போவான். கருவி வந்தபோதும் அதுதான் நடந்தது. மணிக்கு ஒரு முறை கட்டைவிரல் ரேகை கேட்கும். உரியவன் விரலை வைத்துவிட்டு, கை ராசியானவனிடம் கொடுத்துவிடுவான். இதை ஏமாற்று என்றுகூட யாரும் நினைக்கவில்லை.

தவசிக்கண்ணின் கைதான் ராசியான கை. பதினான்கு வருடத்துக்கு முன் அந்தக் கை ஒரு கடப்பாரையைப் பிடித்திருந்தது. தங்கையின் புருஷன், அவளை அடித்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நான்கு அடி. முதல் அடியின் சத்தம் மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. மற்ற மூன்றும் போலீஸ் சொல்லித்தான் தெரியும். கோணலூருக்குள் போன பிறகு அவர் அவசரப்படவே இல்லை. குக்கர் கத்தினால் கத்தி முடிக்கும்வரை கேட்டார். குடையை மழை நிற்கும்வரை ஆமை ஓட்டுக்கு அடியில் ஒதுங்க விட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது. இப்படிப் பதினொரு பேர் அவர் கையால் வெளியே போனார்கள். ஈளை நோயில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கிழவர் சிவனணைந்தான் அவர்களில் ஒருவர். தன் முறையைக் கடைசியாக வைத்துக்கொண்ட தவசிக்கண்ணுக்கு எண்பத்தெட்டு வந்திருந்தது.

லூர்துசாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்ததாக அவனே சைகை காட்டிச் சொன்னான். மறுநாள் மத்தியானம் தறிக்கொட்டகைச் சுவரின் நிழலில் தவசிக்கண் உட்கார்ந்தார். கொம்பையா வந்து விரலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். தூங்குவான் என்று எதிர்பார்த்தார். அவன் எட்டிப் பார்த்தான்.

"அது என்னது, குக்கரா?"

"ஆமா. விசில் காணாமப் போச்சு. அதான் எல்லார்ட்டயும் எரிஞ்சு விழுது."

"ஒரு போடு போட்டா வழி விட்டுரும்லா? எதுக்கு அதுகூட நியாயம் பேசிக்கிட்டு இருக்கீரு?"

"விசில் எங்க போச்சுன்னு தெரிஞ்சிக்க வேண்டாமா?"

கொம்பையா சிரித்தான். "உமக்குக் கிறுக்குவே." ஆனால் கால் மணி நேரம் கழித்து, "சரி, எங்கதான் போச்சாம்?" என்று கேட்டான்.

நாலாவது நாள் அவனாகவே பேச ஆரம்பித்தான். ஆமை ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது.

"வெளிய போனதும் முதல் சோலி என்ன தெரியுமா? எங்கொழுந்தியா. வடிவு."

தவசிக்கண்ணின் கட்டைவிரல் பொத்தானின்மேல் நின்றது. வடிவு யார் என்று பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். கொம்பையா தன் மனைவி பேச்சியம்மாளை வெட்டியபோது அடுக்களை வாசலில் நின்று பார்த்தவள் அவள்தான். கோர்ட்டில் சாட்சி சொன்னதும் அவள்தான். கொம்பையாவின் மகளை வளர்ப்பதும் அவள்தான்.

"கூண்டுல ஏறி என்னையப் பாத்துக் கைய நீட்டினா. இந்த ஆளுதான்னு. பத்து வருஷமா அந்தக் கை எங்கண்ணுக்குள்ளயே நிக்கி. மொதல்ல அதை எடுப்பேன். முழங்கையோட. அது விழுந்து கெடக்கதை அவ பாக்கணும். பெறவுதான் கழுத்து." உப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்பவனைப் போன்ற குரலில் சொன்னான். "என்ன நிறுத்திட்டீரு? ஆடும்."

அன்று முழுக்கத் தவசிக்கண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கையில் இருப்பது விளையாட்டு அல்ல. ஒரு பெண்ணின் முழங்கையும் கழுத்தும். நன்றாக ஆடினால் அவள் சாவாள். ஆட மாட்டேன் என்றால் இவன் இன்னொரு கையைத் தேடுவான். மோசமாக ஆடினால் மட்டுமே அவள் பிழைப்பாள்.

மறுநாள் அவர் குடையை அடித்தார்.

குடை "அய்யோ" என்று ஒரு சின்னக் குரல் கொடுத்துச் சுருண்டது. அதன் கம்பி ஒன்று வெளியே துருத்தியது. இன்னொரு முறை அடித்தார். குக்கரை மூடி நசுங்கும்வரை அடித்தார். வைத்தியம் பார்க்க வந்த முதலையை, அதன் கையிலிருந்த குறடைப் பிடுங்கி அதாலேயே அடித்தார். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் விரல் நடுங்கியது. நடுக்கம் நிற்கும்வரை பொறுத்து, மறுபடி அழுத்தினார்.

"என்னவே, இப்பிடி வெளுக்கீரு?" என்றான் கொம்பையா. "மார்க்கு கொறஞ்சிராது?"

"எப்பவும் பேசிக்கிட்டே இருந்தா நடிக்கான்னு மிஷினு கண்டுபிடிச்சிரும். இடையில நாலு அடி வேணும்."

கொம்பையா நசுங்கிய குக்கரையே கொஞ்ச நேரம் பார்த்தான். "பாவம், அது விசிலைத்தானே கேட்டுச்சு" என்றான்.

நாற்பது மணி நேரம் முடிந்த அன்று அவன் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மீதி இருபதுக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னான். யார் என்று தவசிக்கண் கேட்கவில்லை. இத்தனை அடிக்குப் பிறகு எந்த மகான் வந்து ஆடினாலும் எழுபதைத் தொட முடியாது என்று நிம்மதியாக இருந்தார்.

எண்பத்தொன்று வந்தது.

அறிவிப்புப் பலகையில் தவசிக்கண் அந்த எண்ணின்மேல் விரலை வைத்து மறுபடி படித்தார். கொம்பையா ஓடி வந்து அவரை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அன்றே தவசிக்கண் ஹெப்சிபாவின் அறைக்கு மனுப் போட்டுப் போய் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த ஆட்டத்துல அடிச்சா மார்க்கு கொறையும்தானே?"

ஹெப்சிபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். கைதிகளை உட்காரச் சொல்லிப் பேசும் ஒரே அதிகாரி. "அதை எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. உக்காருங்க. அடிக்கிறதை மிஷின் எண்ணுறதில்ல. அடிக்கும்போது கை என்ன செய்யுதுன்னுதான் பாக்கும். சந்தோஷமா அடிக்கிற கை ஒண்ணு இருக்கு, இறுக்கமே இல்லாம, நாடி ஏறாம. அதுதான் பயம். அடிக்கணும்னு நினைச்சு, தயங்கி, நடுங்கி அடிக்குது பாருங்க ஒரு கை, அதுக்கு மிஷின் மார்க்கை அள்ளிக் குடுக்கும். உள்ளே ஒரு தடை இருக்குன்னு அர்த்தம்."

தவசிக்கண் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்தார். ரேகை தேய்ந்து, மை ஏறிய விரல்கள்.

"மேடம், கொம்பையா வெளிய போனா அந்தப் பொண்ணைக் கொன்னுருவான். என்ட்ட சொன்னான்."

"அந்தம்மா எதிர்ப்பு மனு குடுத்திருக்காங்க. நானே ரெண்டு தடவை படிச்சேன். முன்னாடின்னா அது ஒண்ணு போதும், விடுதலை நின்னிருக்கும். இப்ப எண்பத்தொண்ணுக்கு முன்னால அந்தக் காகிதம் நிக்கல."

"அந்த எண்பத்தொண்ணு அவன் கை இல்ல மேடம்."

ஹெப்சிபா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப நீங்க சொன்னது பேச்சா, மனுவா? மனுன்னா நான் எழுதிக்கணும். எழுதினா, வேற யார் யாருக்கு ஆடினீங்கன்னு கேப்பாங்க. எத்தனை பேர்?"

தவசிக்கண் சாத்திய கதவைப் பார்த்தார்.

"பதினொண்ணுன்னு ஒரு வதந்தி உண்டு" என்றார் ஹெப்சிபா மெதுவாக. "அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவருவாங்க. சிவனணைந்தானை ஆக்சிஜன் குழாயோட கூட்டிட்டு வந்து அதே பிளாக்கில போடுவாங்க. உங்க எண்பத்தெட்டும் போயிரும். சொல்லுங்க, எழுதிக்கட்டுமா?"

"வேற வழியே இல்லையா?"

"உத்தரவு வந்தபிறகு ஒரே வழிதான். உள்ளே யாரு மேலயாவது கை நீட்டினா ரத்தாகும். ரெண்டு வருஷத்துக்கு மனுவே போட முடியாது." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குப் புரிந்தது போலிருந்தது. "இது விதி. நான் உங்களுக்கு யோசனை சொல்லல, புரியுதா?"

"புரியுது மேடம்" என்றார் தவசிக்கண்.

விடுதலை நாள் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணிக் கஞ்சி வரிசையைத் தவசிக்கண் தேர்ந்தெடுத்தார். அடுக்களைக் கதவுக்கு மேலே கேமரா இருந்தது. இரண்டு வார்டர்கள் பக்கத்தில் நிற்பார்கள். கொம்பையா எப்படிப்பட்டவன் என்று பத்து வருடமாக அறிந்தவர் அவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை தப்பாகச் சொன்ன லூர்துசாமிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு அடி போதும். அவன் திருப்பி நூறு அடிப்பான்; விடுதலை ரத்தாகிவிடும். தன் பல்லோ விலாவோ போகும். போனால் போகிறது.

கொம்பையா வெளியே போடும் சட்டையில் நின்றிருந்தான். தவசிக்கண் தன் தட்டிலிருந்த கொதிக்கும் கஞ்சியை அவன் முகத்தில் வீசினார்.

அவன் அலறிக்கொண்டு கண்களைப் பொத்தினான். கையை எடுத்தபோது ஒரு கன்னம் உரித்த கிழங்கைப் போலிருந்தது. தவசிக்கண் தட்டின் விளிம்பால் அவன் வாயில் அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது.

"பொம்பளையை வெட்டத்தானலே உனக்குக் கை இருக்கு? ஆம்பளை நிக்கேன். அடி பாப்போம்!"

கொம்பையாவின் இரண்டு கைகளும் முஷ்டியாக எழும்பின. கழுத்து நரம்பு புடைத்தது. வரிசையே பின்வாங்கியது. வார்டர் விசிலை வாயில் வைத்தார். தவசிக்கண் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தார். கொம்பையா தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துத் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"நா அடிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றான். "நீரு அடிச்சு முடியும். நா இருக்கேன்."

அப்போது அவன் முகத்தில் இருந்தது சிரிப்பா, வலியில் உதடு இழுத்துக்கொண்டதா என்று தவசிக்கண்ணுக்குப் பிற்பாடு எவ்வளவு யோசித்தும் தெளிவாகவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். இன்னும் இரண்டு மணி நேரத்தில் கதவு திறக்கும். இந்தக் கைகள் வெளியே போகும்.

ஆட்டுக்கல்லின் குழவி அடுக்களை வாசலில் கழுவிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். வலது கையை முதலில் அடித்தார். கொம்பையா கையை இழுக்கும் முன் குழவி இறங்கிவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் தட்டையானது. எலும்பு நொறுங்குவது கரும்பு ஆலையில் கரும்பு நுழையும் சத்தத்தைப் போலிருந்தது. புரண்டு எழப் பார்த்தவனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இடது கையைப் பிடித்துத் தரையில் வைத்து, மறுபடி இறக்கினார். இன்னொரு முறை. விரல்கள் இருந்த இடத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஏதோ இருந்தது. லத்திகள் தன் முதுகிலும் தலையிலும் விழுந்துகொண்டிருப்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவர் கவனித்தது ஒன்றைத்தான். இந்த முறை விரல் நடுங்கவில்லை.

தனிச்செல்லில் முப்பது நாள் வைத்தார்கள். கொலை முயற்சி வழக்கு பதிவானது. எண்பத்தெட்டு ரத்தானது. தலையில் போட்ட தையல் ஆறுவதற்குள் ஒரு நாள் காலை ஹெப்சிபா வந்தார். வார்டரை அனுப்பிவிட்டு, கம்பிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"கொம்பையாவை விட்டுட்டாங்க. ஆஸ்பத்திரியில பதினாறு நாள். அப்புறம் அங்கேருந்தே விடுதலை. திருப்பி அடிக்காததுக்கு சூப்பரிண்டண்ட் பாராட்டுக் குறிப்பு எழுதினார்."

"கை?"

"ரெண்டும் தோள்பட்டை வரைக்கும் கட்டு. வலது கையில மூணு விரலை எடுத்துட்டாங்க."

"அப்ப வடிவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் தவசிக்கண். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்தார்.

ஹெப்சிபா தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "நேத்து சாயங்காலம் அவன் வடிவு வீட்டுக்குப் போயிருக்கான். அந்தம்மா அவன் விடுதலைச் செய்தி கேட்ட நாளிலேருந்து கதவைத் திறக்கிறதே இல்லையாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பல. கட்டில்ல தலைமாட்டில அருவாள். ஜன்னல் வழியா பார்த்திருக்காங்க. தெருவில நிக்கிறான். ரெண்டு கையும் கட்டுக்குள்ள. கதவைத் தட்டக்கூட முடியல, காலால லேசா உதைச்சிருக்கான்." அவர் நிறுத்தினார். "அதைப் பார்த்துத்தான் கதவைத் திறந்தாங்க தவசிக்கண்."

தவசிக்கண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

"கையைத் தூக்கித் தடுக்கக்கூட முடியாதவன்னு தெரிஞ்சுதான் திறந்தாங்க. முதல் வெட்டு கழுத்தில. விழுந்தப்புறம் எத்தனைன்னு போஸ்ட்மார்ட்டத்தில எண்ணிக்கிட்டிருக்காங்க. பிள்ளை உள்ளேருந்து பார்த்திருக்கு. அருவாளோட தானே நடந்து ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க."

தவசிக்கண் கேட்டார். "அவன் எதுக்குப் போனானாம்?"

"பக்கத்து வீட்டுக்காரம்மா ரெண்டு வார்த்தை கேட்டிருக்காங்க. 'பிள்ளையக் காட்டு'ன்னு. அதை மிரட்டலாவும் சொல்லலாம், கெஞ்சலாவும் சொல்லலாம். கேட்ட அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கே தெரியல." ஹெப்சிபா ஒரு காகிதத்தை எடுத்துக் கம்பிக்கு இடையில் நீட்டினார். நீளமான வரைபடம். "அன்னிக்கு நீங்க சொன்னப்புறம் இதை எடுத்துப் பார்த்தேன். முதல் நாற்பது மணி நேரம், மேலும் கீழுமா குதிக்குது பாருங்க, இது உங்க கை. கடைசி இருபது வேற கை. வேற யாரையும் அவன் ஏற்பாடு பண்ணல. தறிக்கொட்டகைக்குள்ள தனியா உக்காந்து அவனே ஆடியிருக்கான். இருபது மணி நேரத்தில ஒரு தடவைகூட அடி பொத்தானைத் தொடல. குக்கரைத் திரும்பத் திரும்பத் தேடிப் போயிருக்கான். பெரும்பாலும் காத்திருன்னுதான் அழுத்தியிருக்கான். நாடி எங்கேயும் ஏறல. எண்பத்தொண்ணு வந்தது இதனாலயும்தான்."

"திருந்திட்டானா?"

"மிஷின் கையை மட்டும்தான் படிக்கும். எனக்குத் தெரியாது."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஹெப்சிபா இன்னொரு காகிதத்தை எடுத்தார். அது வெற்றுத் தாள்.

"வடிவுக்கு இலவச சட்ட உதவியில ஒரு வக்கீல் கிடைச்சிருக்கார். உயிர்ப்பயத்தில செஞ்சதுன்னு நிரூபிச்சா தண்டனை குறையும். அவன் உள்ளே இருந்தப்பவே கொல்லப்போறதா சொன்னான்னு ஒருத்தர் சாட்சி சொல்லணும். உங்களைத் தவிர யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா உங்ககிட்ட எதுக்குச் சொன்னான், எப்ப சொன்னான்னு கேப்பாங்க. ஆடினதைச் சொல்லியாகணும். பதினொரு பேரும் வெளியே வரும். நானும் தெரிஞ்சு மறைச்சேன்னு வரும். வரட்டும்." அவர் தாளைக் கம்பிக்கு இடையில் நுழைத்தார். "இன்னொண்ணு. நீங்க வாயைத் திறந்தா இந்த வரைபடமும் கோர்ட்டுக்குப் போகும். கடைசி இருபது மணி நேரத்தை எதிர்த்தரப்பு காட்டும். திருந்தி வந்தவனை, கை இல்லாதவனை வெட்டிட்டாங்கன்னு சொல்லும். உங்க சாட்சி அந்தம்மாவைக் காப்பாத்துமா, கவுக்குமான்னு எனக்கு உறுதியாச் சொல்ல முடியல."

"பேனா இருக்கா மேடம்?"

அவர் கொடுத்தார். தவசிக்கண் தாளைத் தரையில் விரித்து, வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்தார். பத்து வருடமாகப் பிறர் மனுக்களில் அவர் எழுதும் முறை ஒன்று உண்டு. 'வறுமையின் காரணமாகவும் அறியாமையின் காரணமாகவும்' என்று தொடங்கி, எதையும் கொஞ்சம் வழவழப்பாக்கித்தான் எழுதுவார். இன்று அந்த வரிகள் எதுவும் வரவில்லை.

வடிவின் கையை முழங்கையோடு எடுப்பேன், பிறகு கழுத்து என்று கொம்பையா என்னிடம் சொன்னான் என்று எழுதினார். அவனுக்காக நாற்பது மணி நேரம் நான் விளையாடினேன். அவனுக்கு முன்னால் பதினொரு பேருக்கு. அவர்கள் பெயர்களை வரிசையாக எழுதினார். சிவனணைந்தானின் பெயரில் மட்டும் பேனா சற்று நின்றது. பிறகு அதையும் எழுதி முடித்தார்.

"இது போதும்னு நினைக்கிறேன்" என்றார் ஹெப்சிபா, கம்பி வழியாக வாசித்தபடி. "கையெழுத்துப் போட்டுருங்க. மீதியை வக்கீல் பார்த்துப்பார்."

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்."

"எழுதணும்னு இல்ல. அதை அவங்களே கேமராவில எடுத்துக்குவாங்க. நீங்க எதுக்கு உங்க கையால எழுதணும்?"

தவசிக்கண் தலை நிமிரவில்லை. கைதிகளின் மனுவில் எப்போதும் எழுதுவதுபோல, எழுத்தைப் பிரித்துப் பிரித்து, எவரும் வாசிக்கும்படி எழுதினார்: நான் அடித்தபோது அவன் திருப்பி அடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த பிறகும் நான் குழவியை எடுத்தேன்.